சபுருக்குப் போகும் பிள்ளையும் மோட்டார் சைக்கிளும்



கடல் கடந்து பொருள் தேடுவது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், நாகூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் சபுராளி இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஒரு தலைமுறை பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்றது. அடுத்த தலைமுறை வளைகுடாவுக்குச் சென்றது. நாடு மாறியது போலவே தொழிலும் மாறியது. முன்பெல்லாம் மளிகைக் கடையும் தையல் கடையும் கட்டட வேலையும்தான் நம் பிள்ளைகளுக்குக் காத்திருந்தன. இன்று துபாயிலும் அபுதாபியிலும் ஷார்ஜாவிலும் எத்தனையோ இளைஞர்களுக்குச் சோறு போடுவது மோட்டார் சைக்கிள். உணவுப் பொட்டலங்களையும் மருந்துகளையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்க்கும் டெலிவரி வேலை அது.

“பைக் ஓட்டத் தெரியுமா? அது போதும், உடனே விசா” என்று சொல்லும் ஏஜெண்டுகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கேட்கும் இளைஞனுக்கு அது எளிதாகவே தோன்றும். அங்கே ஓடும் டெலிவரி வண்டிகளில் பல, நம் தெருக்களில் ஓடும் அதே பஜாஜ் பல்சரும் ஹோண்டா யூனிகார்னும்தானே! வண்டி பழகியதுதான், ஐயமில்லை. பழகாதது சாலை, பழகாதது சட்டம். அந்நியனாக ஒரு நாட்டில் வண்டி வாங்குவதும் ஓட்டுவதும் எத்தகைய பொறுப்பு என்பதை, பிள்ளையை விமானம் ஏற்றுவதற்கு முன் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை இங்கே விளக்குகிறோம்.

நம் உரிமம் அங்கே செல்லுமா?

செல்லாது. இதுவே முதல் பாடம். ஊரில் 10 ஆண்டுகள் வண்டி ஓட்டியவராயினும், அமீரகத்தில் குடியிருப்பு விசா பெற்று வாழ்பவர் அந்நாட்டு உரிமத்தைப் பெற்றே தீர வேண்டும். சில நாட்டு உரிமங்களைத் தேர்வின்றி மாற்றித் தருகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் சர்வதேச அனுமதி ஓராண்டுக்கு உரியது. சுற்றுலா செல்பவருக்கு உதவும், அங்கே குடியிருந்து பிழைப்பவருக்கு உதவாது.

கார் உரிமம் வைத்திருப்பவர் அதைக் கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்று எண்ணுவதும் தவறு. இரு சக்கர வாகனத்திற்குத் தனி உரிமம் வேண்டும். கண் பரிசோதனை, வகுப்புப் பாடம், எழுத்துத் தேர்வு, மைதானத்தில் பயிற்சி, இறுதியில் சாலைத் தேர்வு என்று படிப்படியாகவே அதனை அடைய முடியும். ஊரில் பழைய உரிமம் உள்ளவர்க்குப் பயிற்சி நேரம் குறைக்கப்படுவது உண்டு. ஆதலால் இந்திய உரிமத்தைத் தவறாமல் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். துபாயில் எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதும் வசதியும் இருக்கிறது. ஆங்கிலம் அறியாத பிள்ளை அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது செலவுக்குத்தான். உரிமம் கைக்கு வருவதற்குள் பல ஆயிரம் திர்ஹம் கரைந்துவிடும். தேர்வில் ஒருமுறை தவறினால் மீண்டும் பயிற்சி, மீண்டும் கட்டணம். அதுவரை வருமானம் கிடையாது. தங்குமிடமும் சாப்பாடும் மட்டும் நிற்பதில்லை. இந்தச் செலவு யாருடையது? நிறுவனம் ஏற்குமா, பிள்ளையின் ஊதியத்தில் மாதாமாதம் பிடிக்குமா? பிடித்தால் எத்தனை மாதம்? இதற்கு எழுத்தில் விடை பெறாமல் விமானம் ஏறியவர் பலர், முதல் ஆண்டு முழுவதையும் கடன் அடைப்பதிலேயே கழிக்கிறார்கள். உம்மாவின் நகையை வட்டிக் கடையில் வைத்துப் புறப்பட்டவருக்கு ஊரிலும் கடன் வளரும், அங்கும் கடன் வளரும். ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடிப் போகிற பயணம் வட்டியில் தொடங்கலாமா என்பதைக் குடும்பத்தார் சிந்திக்க வேண்டும்.

விசிட் விசா எனும் பொறி

“முதலில் விசிட் விசாவில் வரட்டும், வேலையை அங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்வார் ஒருவர். விசிட் விசாவில் வேலை செய்வது அமீரகச் சட்டப்படி குற்றம். அனுமதியின்றி ஆளை வேலைக்கு வைப்போருக்கான அபராதம் 2024-ஆம் ஆண்டு 1 இலட்சம் திர்ஹம் முதல் 10 இலட்சம் திர்ஹம் வரை உயர்த்தப்பட்டது. அத்தகைய பிள்ளை பிறர் உரிமத்தில், பிறர் பெயரிலுள்ள வண்டியை ஓட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் அவனுக்காகப் பேச நிறுவனமும் வராது; இன்சூரன்சும் வராது.

முறையாகச் செல்வோருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2021-ஆம் ஆண்டின் அமீரகத் தொழிலாளர் சட்டம், ஆள் சேர்ப்புக்கான செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதைத் தடை செய்கிறது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வதும் அங்கே சட்ட விரோதம். வேலை உறுதிக் கடிதத்தைத் தமிழிலும் பெறும் ஏற்பாடு அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தில் இருக்கிறது. புரியாத மொழியில் கையெழுத்திட வேண்டிய அவசியமில்லை. தமிழில் கேட்டு வாங்குங்கள்.

நம் நாட்டிலும் ஒழுங்குகள் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையத்தளத்தில் அவருடைய பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். இலட்சங்களில் கேட்பவர் எவராயினும், அவர் நம் ஊர்க்காரராகவே இருப்பினும், சொந்தக்காரராகவே இருப்பினும், ரசீது கேளுங்கள். ரசீது தர மறுப்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

வண்டி யாருடையது?

டெலிவரி வேலையில் வண்டி மூன்று வகையாக அமையும். நிறுவனமே வண்டி தருவது ஒன்று. வாடகையாக ஊதியத்தில் பிடிப்பது ஒன்று. பிள்ளையே சொந்தமாக வாங்குவது ஒன்று. எதுவாயினும் பின்வரும் கேள்விகளை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்ரோல் யார் செலவு? பழுது பார்ப்பதும் டயர் மாற்றுவதும் யார் பொறுப்பு? விபத்தில் வண்டி சேதமானால் ஊதியத்தில் பிடிப்பார்களா? ஊதியம் மாதச் சம்பளமா, ஒரு பொட்டலத்திற்கு இவ்வளவு என்ற கணக்கா? நோயுற்றுப் படுத்த நாளில் என்ன கிடைக்கும்?

கடைசி இரண்டு கேள்விகளும் உயிரோடு தொடர்புடையவை என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு பொட்டலத்திற்கு இவ்வளவு என்று ஊதியம் பெறுகிறவன் ஒவ்வொரு நிமிடத்தையும் காசாகக் காண்பான். சிவப்பு விளக்கு அவனுக்குத் தடையாகத் தெரியும். அவசரம் அவனுடைய குணத்தில் இல்லை; ஊதியக் கணக்கில் இருக்கிறது. உங்கள் மகன் நிதானமானவன் என்பதால் மட்டும் ஆபத்து விலகிவிடாது.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

அமீரகத்தில் குடியிருப்பு விசாவும் எமிரேட்ஸ் அடையாள அட்டையும் உடைய வெளிநாட்டவர் தம் பெயரிலேயே வண்டி வாங்கிப் பதிவு செய்யலாம். பதிவு ஓராண்டுக்கு உரியது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் பதிவு கிடையாது. தகாஃபுல் முறையில் இயங்கும் நிறுவனங்களும் அங்கே இருக்கின்றன. விரும்புவோர் அவற்றை நாடலாம்.

புதிய வண்டியை விடப் பழைய வண்டி வாங்கும்போதுதான் விழிப்பு மிகுதியாக வேண்டும். அறைத் தோழர் ஊருக்குத் திரும்புகிறார், வண்டியை மலிவாகத் தருகிறார் என்றதும் பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிவிடக் கூடாது. முதலில் ‘முல்கியா’ எனப்படும் பதிவு அட்டையைப் பாருங்கள். அதிலுள்ள பெயர் விற்பவருடையதுதானா? அட்டையிலுள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றுதானா? வங்கிக் கடன் தீராத வண்டியா? இவற்றுக்குப் பின், வண்டியின் மீது போலீஸ் அபராதம் நிலுவையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். நம்பர் பிளேட் எண்ணைக் கொண்டு போலீஸ் இணையத்தளத்திலேயே இதை அறியலாம். அபராதம் தீராமல் பெயர் மாற்றம் நடக்காது.

தகுதிச் சோதனை நிலையத்தில் வண்டியைக் காட்டித் தேர்ச்சி பெற்று, வாங்குபவர் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்து, பெயர் மாற்றத்தையும் முடித்த பிறகே வியாபாரம் நிறைவு பெற்றதாகக் கொள்ள வேண்டும். அதுவரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

“நமக்குள் என்ன பேப்பர்? நம்பிக்கைதானே!” என்ற பேச்சு நம்மவரிடையே மிகுதி. நண்பன் பெயரில் வண்டியை வைத்துக்கொண்டே ஓட்டுவதும் மிகுதி. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயம் இப்படிப் பேசலாமா? ஓட்டுபவன் செய்த தவறுக்கு அபராதம் பதிவுக்குரியவன் பெயரில் ஏறும். பதிவுக்குரியவன் விசாவை ரத்து செய்துகொண்டு ஊர் திரும்பினால், வண்டி வைத்திருப்பவனால் புதுப்பிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. இப்படி முறிந்த நட்புகளும் சொந்தங்களும் எத்தனையோ! எழுதுவது நம்பிக்கையின்மை ஆகாது. நட்பைக் காக்கும் வேலி அது.

நிரந்தரமாக ஊர் திரும்புபவரும் இதே கவனத்துடன் நடக்க வேண்டும். வண்டியைப் பெயர் மாற்றிக் கொடுக்காமலும் வங்கிக் கடனை அடைக்காமலும் புறப்பட நினைப்பவரை, விமான நிலையத்தில் பயணத் தடை வழிமறிக்கக்கூடும்.

வலப்பக்கச் சாலை

நம் நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன. வளைகுடா நாடுகள் அனைத்திலும் வலப்பக்கம். கேட்பதற்குச் சிறிய வேற்றுமையாகத் தோன்றும்; சாலையில் அது பெரிய வேற்றுமை. வட்டச் சந்திப்பில் இடப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். 20 ஆண்டுகள் வலப்பக்கம் பார்த்துப் பழகிய கண்கள், களைத்திருக்கும் வேளையில் பழைய பழக்கத்திற்கே திரும்பும். முதல் சில மாதங்களில் இரவு வேலையைத் தவிர்க்க முடிந்தால் நல்லது.

அடுத்தது வேகம். அங்கே பல நெடுஞ்சாலைகளில் கார்கள் மணிக்கு 100, 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. 150 சி.சி. வண்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு செல்லும் பிள்ளை அவற்றின் நடுவே எறும்பு போலத்தான். பெரிய லாரி கடந்து செல்லும்போது எழும் காற்றே வண்டியை ஆட்டிவிடும். ஆகவே, 2025 நவம்பர் 1 முதல் துபாயில் டெலிவரி வண்டிகள் இடது ஓர வேகத் தடத்தில் செல்லத் தடை விதிக்கப்பட்டுள்ளது. ஐந்தும் அதற்கு மேலும் தடங்களுள்ள சாலையில் இடப்பக்கத்து 2 தடங்களிலும், மூன்று அல்லது நான்கு தடங்களுள்ள சாலையில் 1 தடத்திலும் அவை செல்லக்கூடாது.

அபராதங்களையும் அறிந்துகொள்ளுங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் 500 திர்ஹமும் 4 கரும்புள்ளிகளும். கையில் போனுடன் ஓட்டினால் 800 திர்ஹமும் 4 கரும்புள்ளிகளும். சிவப்பு விளக்கை மீறினால் 1000 திர்ஹமும் 12 கரும்புள்ளிகளும். 24 கரும்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும். உரிமம் போனால் வேலை போகும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். கீழே தார்ச் சாலையும் முழங்காலருகே எஞ்சினும் அதைப் பெருக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளி வேலைக்கு அங்கே ஓய்வு விதி உண்டு. ஆனால் டெலிவரி வண்டிகள் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வு நிலையங்களை அரசு அமைத்துள்ளது. துபாயில் மட்டும் போக்குவரத்து ஆணையம் 40 நிலையங்களை அமைத்திருக்கிறது. தண்ணீர் அருந்தவும் சற்று அமரவும் பிள்ளை அவற்றைப் பயன்படுத்த வேண்டும். குளிர்காலத்தின் விடியற்காலைப் பனிமூட்டமும் சாலையில் படியும் மணலும் தனி ஆபத்துகள்.

நோன்பு மாதத்தில் மஃரிபுக்கு முந்தைய வேளை மிகக் கடினமானது. நோன்பு திறக்க வீடு சேரத் துடிக்கும் கார்கள் விரைகின்றன. பிறர் நோன்பு திறக்கும் உணவைப் பெட்டியில் சுமந்துகொண்டு நம் பிள்ளையும் நோன்போடு விரைகிறான். ஒரு பேரீத்தம்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் அவன் பையில் எப்போதும் இருக்கட்டும். பாங்கு ஒலித்ததும் சாலையோரம் நிறுத்தி நோன்பு திறந்துவிட்டுப் பிறகு செல்லட்டும். அந்த இரண்டு நிமிடத் தாமதத்தைப் பொறுக்க மாட்டாத வாடிக்கையாளர் அரிது.

விபத்து நேர்ந்தால்

அல்லாஹ் காப்பாற்றுவானாக! ஆயினும் தெரிந்து வைத்திருப்பது கடமை. போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 998. எவருக்கேனும் காயமிருப்பின் வண்டியை நகர்த்தாமல் போலீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். காயமில்லாத சிறு மோதலாயின் சாலையோரம் ஒதுக்கிவிட்டுத் தகவல் தர வேண்டும். அஞ்சி ஓடிவிடுவது பெருங்குற்றம். போலீஸ் அறிக்கை இல்லாமல் எந்தப் பட்டறையும் சேதமான வண்டியைப் பழுது பார்க்காது. இன்சூரன்சும் பணம் தராது.

கட்டாய இன்சூரன்ஸ் என்பது பிறருக்கு நேரும் சேதத்திற்கானது. ஓட்டுபவனுடைய காயத்திற்கு அதில் இடமில்லை. அதற்குத் தனியே சேர்க்க வேண்டும். உரிமமின்றி ஓட்டியிருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் பிறருக்குக் கொடுத்த தொகையை ஓட்டியவனிடமே திரும்ப வசூலிக்கும். முறையான வேலை ஒப்பந்தத்தில் உள்ளவர் பணியின்போது மரணமடைந்தால், 24 மாத அடிப்படைச் சம்பளத்தை, 18,000 திர்ஹமுக்குக் குறையாமலும் 2 இலட்சம் திர்ஹமுக்கு மேற்படாமலும், முதலாளி வாரிசுகளுக்குத் தர வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தமில்லாமல் ஓட்டியவரின் விதவைக்கு எதைக் காட்டிக் கேட்க இயலும்?

நம் நாட்டில் குடியேற்ற அனுமதி பெற்றுச் செல்வோருக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய்; விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 இலட்சம் ரூபாய். பத்தாவது தேறியதால் அந்த அனுமதி தேவைப்படாதவரும் ஏதேனும் ஒரு விபத்துப் பாதுகாப்பைச் செய்துகொண்டே செல்லட்டும். துபாயில் இடர்ப்படும் இந்தியருக்கென நம் துணைத் தூதரகத்தின் உதவி மையம் இயங்குகிறது. கட்டணமில்லா எண் 800 46342. பிள்ளையின் போனிலும் உங்கள் வீட்டு நாட்காட்டியிலும் இதைக் குறித்து வையுங்கள்.

வீட்டிலிருப்போர் கடமை

பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், உரிமம், இன்சூரன்ஸ் ஆகியவற்றின் நகல் ஒரு தொகுதி ஊரிலுள்ள வீட்டிலும் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரும் அறைத் தோழர் ஒருவரின் எண்ணும் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாய்மார்களுக்கும் மனைவியருக்கும் ஒரு வேண்டுகோள். நம் நேரம் அமீரக நேரத்தை விட ஒன்றரை மணி நேரம் முந்தியது. நீங்கள் வேலையெல்லாம் முடித்து, “சாப்பிட்டியா வாப்பா?” என்று கேட்க இரவு 8 மணிக்குப் போன் எடுக்கிறீர்கள். அங்கே அப்போது மாலை 6.30, ஆர்டர்கள் குவியும் நேரம். நோன்பு மாதத்தில் நீங்கள் நோன்பு திறந்ததும் பேச நினைக்கும் வேளை, அங்கே மஃரிபுக்கு முந்தைய அவசர வேளை. உம்மாவின் அழைப்பென்றால் எந்தப் பிள்ளையும் எடுக்காமல் இருக்கமாட்டான். ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டாவது எடுப்பான். ஆகவே வேலை முடிந்தபின் அவனே அழைக்கட்டும் என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அழைக்காமலிருக்கும் அந்த நேரமும் அவன் மீதான பாசத்தில் சேர்ந்ததே.

“பக்கத்து வீட்டுப் பிள்ளை இவ்வளவு அனுப்புகிறான்” என்ற ஒப்பீட்டையும் தவிர்த்துவிடுங்கள். அந்த ஒரு சொல் அங்கே ஒரு மணி நேர அதிக ஓட்டமாகும், தூக்கத்தைக் குறைக்கும். தூக்கம் கெட்டவன் ஓட்டும் வண்டிக்கு எந்த இன்சூரன்சும் முழுப் பாதுகாப்பாகாது. வீடு கட்டும் வேலை ஓராண்டு பொறுக்கும். தங்கையின் திருமணமும் சில மாதங்கள் பொறுக்கும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டக் கற்றவர்கள் நாம். இக்காலத்து ஒட்டகத்திற்குக் கயிறு பல. உரிமம் ஒரு கயிறு; எழுத்து ஒப்பந்தம் ஒரு கயிறு; இன்சூரன்ஸ் ஒரு கயிறு; ஹெல்மெட்டின் வாரும் ஒரு கயிறு. வாகனத்தில் ஏறும் துஆவை ஓதி அமரும் பிள்ளை அந்த வாரையும் பூட்டிக்கொள்ளட்டும். கட்ட வேண்டியவற்றையெல்லாம் கட்டிவிட்டு அவனைக் காவலனிடம் ஒப்படையுங்கள்.

பொருள் தேடிக் கடல் கடந்த நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல இறைவன் நலமாகப் போய் நலமாகத் திரும்பச் செய்வானாக! ஆமீன்.